முகிற் சேமிப்பும் கோப்பு ஒத்திசைப்பும்

மாந்தர் தாம் ஈட்டிய அறிவைப் பின்வருவோர்க்கு வைத்துச் செல்லுதற்குக் கையாண்ட வழிகளுள் தலையாயது படியெடுத்தலாகும். ஓலை செல்லரிக்கும், தாள் மக்கும், கல்லெழுத்தும் காலத்தாற் சிதையும். மூலம் அழிந்தொழியினும் அதன் படியொன்று வேறோரிடத்தில் எஞ்சியிருப்பின் நூல் பிழைத்துக்கொள்ளும். இதனை உணர்ந்தே முன்னோர் ஏடு பழுதுறுமுன் அதனைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதிவைத்தனர். 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையானபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் அவற்றோடு ஏட்டுச் சுவடிகளும் அழிந்தன. அவற்றுள் பிறவிடங்களிற் படியிருந்தவற்றை மீண்டும் தேடிப் பெறுதல் கூடும். ஒரேயொரு படியாய் இருந்தவை என்றென்றைக்கும் இல்லாதொழிந்தன.

இக்காலத்தில் எழுத்தும் படமும் கணக்கும் பெரும்பாலும் கணினிக் கோப்புகளாகவே பிறக்கின்றன. ஆசிரியரின் பாடக்குறிப்பு, மாணவரின் ஆய்வறிக்கை, பழைய மாணவர் சங்கத்தின் கூட்ட அறிக்கை ஆகிய யாவும் இவ்வகையின. இவற்றைப் பேணுதற்கு இணையவழிச் சேமிப்புச் சேவைகள் பல தோன்றியுள்ளன. ஒருவரே இரண்டு மூன்று சேவைகளைப் பயன்படுத்துதலும் வழக்கமாயிற்று. அவ்வாறு பலவிடத்தும் சிதறிக் கிடக்கும் கோப்புகளை ஒரே நிலையில் வைத்திருக்கும் தொழிலையே ஒத்திசைப்பு என்பர். அத்தொழிலைப் புரியும் மென்பொருள் எவ்வாறு இயங்குகின்றது, அதனாற் பெறும் நன்மை யாது, அதன் எல்லை யாது என்பன ஈண்டு ஆராயப்படும்.

முகில் என்பது யாது?

இணையவழிச் சேமிப்பை முகிற் சேமிப்பு என வழங்குவர். இப்பெயர் வானத்தோடு தொடர்புடையதன்று. கணினி வலையமைப்புகளை வரைபடமாக வரைந்த பொறியியலார், உட்கூறுகளை விரித்துக் காட்ட வேண்டாத பகுதியை முகில் வடிவமொன்றாற் குறித்தல் மரபு. அம்மரபே பெயருக்கு வழிகோலிற்று. உண்மையில் முகில் எனப்படுவது நிலத்தின்மீது நிற்கும் கட்டடமே. ஆயிரக்கணக்கான கணினிகள் அங்கே அடுக்கப்பட்டுள்ளன. அவற்றுக்கு மின்னும் குளிரும் இடையறாது ஊட்டப்படுகின்றன. ஆதலின் முகிலுக்கும் தீ உண்டு, வெள்ளம் உண்டு, உரிமையாளரின் வரவுசெலவுக் கணக்கும் உண்டு.

அமேசன் நிறுவனம் 2006ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பிற நிறுவனங்கள் வாடகைக்குப் பெறத்தக்க சேமிப்புச் சேவையைத் தொடக்கியது. டிறொப்பொக்ஸ் 2007இல் நிறுவப்பெற்று 2008இற் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. மைக்றோசொவ்ற் நிறுவனம் 2007இல் ஆரம்பித்த சேவை 2014 முதல் வன்டிறைவ் என்னும் பெயரைப் பெற்றது. கூகிள் டிறைவ் 2012ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் வெளிவந்தது. இவை கட்டணமின்றி அளிக்கும் இடவளவு ஒன்றற்கொன்று வேறுபட்டது. 2025ஆம் ஆண்டு நிலவரப்படி கூகிள் 15 ஜிகாபைற்றும், வன்டிறைவ் 5 ஜிகாபைற்றும், டிறொப்பொக்ஸ் 2 ஜிகாபைற்றும் வழங்கின.

ஒரு சேவை போதாதோ?

பல சேவைகளை நாடுதற்குரிய காரணங்கள் மூன்று எனலாம். முதலாவது இடவசதி. ஒன்றில் இடம் நிரம்பியவர் மற்றொன்றை நாடுவர். இரண்டாவது கூட்டுத்தொழில். பாடசாலை ஒரு சேவையையும் பல்கலைக்கழகம் வேறொன்றையும் கையாளுமிடத்து, இரண்டிலும் தொழில்புரிபவர் இரண்டையும் வைத்திருத்தல் வேண்டும். மூன்றாவது காரணமே முதன்மையானது, அது பாதுகாப்பு.

சேமிப்புச் சேவை நிலையானதென எண்ணுதல் பொருந்தாது என்பதை அண்மைக்கால வரலாறு காட்டும். உபுண்டு வன் என்னும் சேவை 2014இலும், சுவிற்சர்லாந்திற் பிறந்த வுவாலா 2015இலும் மூடப்பட்டன. அமேசன் டிறைவ் என்னும் சேவை 2023ஆம் ஆண்டு இறுதியோடு நிறுத்தப்பட்டது. இவை முன்னறிவித்தல் தந்து மூடப்பட்டன; ஆதலின் விழிப்போடிருந்தோர் தம் பொருளை வேறிடத்துக்கு மாற்றிக்கொள்ள அவகாசம் இருந்தது. தீயோ அவகாசம் தருவதில்லை. 2021ஆம் ஆண்டு மார்ச் 10ஆந் திகதி பிரான்சு நாட்டின் ஸ்ட்றாஸ்பேர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் தரவு நிலையக் கட்டடமொன்று எரிந்தொழிந்தது. வேறிடத்திற் படி வைத்திராத வாடிக்கையாளர் தம் தரவை இழந்தனர். 2025ஆம் ஆண்டு செப்ரெம்பர் 26ஆந் திகதி தென்கொரியாவின் டேஜொன் நகரிலுள்ள அரச தரவு நிலையத்திற் பற்றிய தீ இன்னுங் கொடியது. அரச அலுவலர் தம் கோப்புகளை வைத்திருந்த ஜி-டிறைவ் என்னும் முகிற் சேமிப்பு அங்கே அழிந்தது. அதன் அளவு 858 ரெறாபைற்று. அளவிற் பெரிதாயிருந்தமையால் அதற்கு வெளியிடத்திற் படி வைக்கப்படவில்லை என அறிவிக்கப்பட்டது. படி வேண்டும் என்னும் அறிவு ஏட்டுக் காலத்தவர்க்கு இருந்தது. அதனை மறந்தபோது கணினிக் காலத்தும் அதே கேடு விளைந்தது.

ஒத்திசைக்கும் மென்பொருள்

கையினாலேயே ஒரு சேவையிலிருந்து கோப்புகளை இறக்கி மற்றொன்றில் ஏற்றுதல் இயலும். பத்துக் கோப்புகளாயின் அது போதும். பத்தாயிரம் கோப்புகளாயின், எது புதியது, எது முன்னரே சென்றது, எது இடையில் திருத்தப்பட்டது என்று மனத்திற் கொள்ளுதல் அரிது. இவ்விடத்தேதான் மென்பொருளின் உதவி வேண்டப்படுகின்றது.

இத்துறையின் முன்னோடியாக விளங்குவது ஆர்-சிங்க். அவுஸ்திரேலியாவின் கன்பரா நகரில் அன்ட்றூ றிட்ஜெல், போல் மக்கெறாஸ் ஆகிய இருவரும் 1996இல் அதனை வெளியிட்டனர். இரு கணினிகளிலுள்ள கோப்புகளை ஒப்புநோக்கி, வேறுபட்ட பகுதியை மாத்திரம் அனுப்புதல் அதன் சிறப்பு. முகிற் சேவைகள் தோன்றியபின் அவ்வழியைப் பின்பற்றி நிக் கிறெய்க்-வூட் என்பவர் 2012இல் ஆக்கத் தொடங்கிய மென்பொருளே ஆர்-குளோன் எனப்படுவது. அது கட்டணமின்றிக் கிடைப்பது. மூலநிரல் யாவர்க்கும் திறந்துவைக்கப்பட்டது. எழுபதுக்கு மேற்பட்ட சேமிப்புச் சேவைகளோடு உரையாட வல்லது. ஆகவே அதனையே எடுத்துக்காட்டாகக் கொண்டு இயங்குமுறையை நோக்குதல் தகும்.

முதற்கண், பயனர் தம் சேவைகள் ஒவ்வொன்றையும் மென்பொருளுக்கு அறிமுகஞ் செய்தல் வேண்டும். பெரிய சேவைகளிற் கடவுச்சொல்லை மென்பொருளிடம் ஒப்படைக்க வேண்டியதில்லை. பயனர் சேவையின் சொந்தத் தளத்திலேயே புகுபதிகை செய்து, "இம்மென்பொருள் என் கோப்புகளை அணுகலாம்" என இசைவு தருவார். சேவை ஓர் அனுமதிச் சீட்டை மென்பொருளுக்கு வழங்கும். வேண்டாதபோது பயனர் அச்சீட்டை மீளப்பெற்றுக்கொள்ளலாம். ஆயினும் அச்சீட்டு நடைமுறையில் வீட்டுத் திறப்பை ஒத்தது; அது சேமிக்கப்பட்டுள்ள கணினியைப் பிறர் கையாள விடுதல் தகாது.

அடுத்து, மென்பொருள் இருபுறத்துக் கோப்புகளின் பட்டியலையும் பெறும். ஒவ்வொரு கோப்பின் பெயர், அளவு, இறுதியாக மாற்றப்பட்ட நேரம் ஆகியவற்றை ஒப்பிடும். அளவும் நேரமும் ஒத்திருப்பின் கோப்பு மாறவில்லை எனக் கொள்ளும், வேறுபடின் அனுப்பும். இதனினும் நுட்பமான சோதனையொன்று உண்டு. கோப்பின் உள்ளடக்கம் முழுவதையும் ஒரு கணிதச் செய்கைக்கு உட்படுத்தி, ஹாஷ் எனப்படும் குறுகிய எண்ணொன்றைப் பெறலாம். ஒருவரின் விரல்ரேகை அவரைக் காட்டுமாறுபோல இவ்வெண் அக்கோப்பைக் காட்டும். உள்ளே ஓரெழுத்து மாறினும் எண் முற்றாக வேறுபடும்.

இங்கே ஓர் இடையூறு தோன்றுகின்றது. ஒவ்வொரு சேவையும் இவ்வெண்ணைத் தன் வழியிற் கணிக்கின்றது. கூகிள் டிறைவ் எம்.டி.5 முதலிய பொதுமுறைகளைக் கையாள்கின்றது. டிறொப்பொக்ஸ் கோப்பை நான்கு நான்கு மெபிபைற்றுத் துண்டங்களாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஷா-256 முறையில் எண் கண்டு, அவ்வெண்களைத் தொடுத்து மீண்டும் அம்முறையிலேயே ஓர் எண் காண்கின்றது. வன்டிறைவ் பயன்படுத்துவதோ வேறொரு முறை. முழத்தால் அளந்ததையும் யாரால் அளந்ததையும் நேரே ஒப்பிடல் இயலாதவாறு, இவ்வெண்களையும் நேரே ஒப்பிடல் இயலாது. ஆகவே இரு வேறு சேவைகளுக்கிடையே மென்பொருள் பெரும்பாலும் அளவையும் நேரத்தையுமே நம்பவேண்டியதாகின்றது. உறுதி வேண்டுவோர், இருபுறத்துக் கோப்புகளையும் இறக்கி எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுமாறு மென்பொருளைப் பணித்தல் கூடும். அதற்கு நேரமும் இணையச் செலவும் மிகுதியாகும்.

கோப்பு ஒரு முகிலிலிருந்து மற்றொரு முகிலுக்கு நேரே தாவுவதில்லை என்பதும் அறியத்தக்கது. அது பயனரின் கணினிக்கு இறங்கி, அங்கிருந்து மீண்டும் ஏறும். 15 ஜிகாபைற்றை இடமாற்றின் இறக்கமும் ஏற்றமுமாக 30 ஜிகாபைற்றுக் கணக்கில் விழும். செக்கனுக்கு 10 மெகாபிற்று வேகத்தில் ஏற்றுவோர்க்கு ஏற்றத்துக்கு மாத்திரம் மூன்று மணியும் இருபது நிமிடமுஞ் செல்லும். முதன்முறை கடந்தபின் மாறிய கோப்புகள் மாத்திரமே செல்லுமாதலின் சுமை பெரிதுங் குறையும்.

பெயர்களால் எழும் இடர்

கோப்புகளுக்குப் பெயரிடும் விதிகளும் சேவைக்குச் சேவை வேறுபடும். கூகிள் டிறைவ் ஒரே உறையினுள் ஒரே பெயருடைய இரு கோப்புகளை ஏற்கும். டிறொப்பொக்ஸும் வன்டிறைவும் ஏற்கா. வினாக்குறி, முக்காற்புள்ளி முதலிய குறிகளை வன்டிறைவ் பெயரில் அனுமதிப்பதில்லை. கூகிளின் தளத்திலேயே எழுதப்படும் ஆவணங்கள் மற்றைய கோப்புகளைப் போன்றவையல்ல. அவற்றை வேறிடத்துக்கு அனுப்புமுன் வேர்ட் முதலிய வடிவமொன்றுக்கு மாற்றுதல் வேண்டும்.

தமிழிற் பெயரிடுவோர் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. யூனிக்கோட் முறையில் "கொ" என்னும் எழுத்தை இருவகையாற் குறிக்கலாம். ககரத்தின் பின் ஒகரக் குறியை ஒரே குறியீடாக இடுதல் ஒரு வகை. ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியே இடுதல் மற்றொரு வகை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கோ அவை வெவ்வேறு குறியீட்டுத் தொடர்கள். அப்பிள் கணினிகளின் பழைய கோப்பமைப்பு இத்தகைய எழுத்துகளைப் பிரித்தே சேமித்தது. ஆகவே "கொழும்பு" என்னும் பெயருடைய ஒரே கோப்பு இரு கணினிகளிலிருந்து வரும்போது, விவரமற்ற மென்பொருள் அதனை இரு கோப்புகளாகக் கொள்ளும். யூனிக்கோட் தராதரம் இவ்விரு வடிவங்களும் சமமானவை என விதித்துள்ளது. ஆர்-குளோன் அவ்விதியைத் தழுவியே பெயர்களை ஒப்பிடுகின்றது. ஆனால் "கௌரவம்" என்பதில் ஔகாரக் குறிக்குப் பதிலாகக் ககரத்தின்மேல் ஒற்றைக்கொம்பை இட்டு ளகரத்தைச் சேர்த்துத் தட்டெழுதுவாரும் உளர். அதனை எந்த விதியும் சமப்படுத்தாது. அது எழுத்துப் பிழை. தமிழ்ப் பெயரிடுவோர் எழுத்துத் தூய்மை பேணுதல் இங்கே இலக்கணத்துக்காக மட்டுமன்றிக் கோப்பின் பாதுகாப்புக்காகவும் வேண்டப்படுகின்றது.

முரணும் பாடவேறுபாடும்

ஒத்திசைப்பு ஒருவழி, இருவழி என இருவகைப்படும். ஒருவழி ஒத்திசைப்பில் ஓரிடம் மூலமாகவும் மற்றையது படியாகவும் அமையும். மூலத்தில் உள்ளது படியிற் சேர்க்கப்படும். மூலத்தில் இல்லாதது படியினின்றும் நீக்கப்படும். இருவழி ஒத்திசைப்பில் இரண்டிடமும் சமவுரிமை உடையன. எதில் மாற்றம் நிகழினும் மற்றையதிற் பதிதல் வேண்டும்.

இருவழியில் எழும் சிக்கலை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு கோப்பு முதலிடத்தில் உள்ளது, இரண்டாமிடத்தில் இல்லை. அது முதலிடத்திற் புதிதாக எழுதப்பட்டதோ, அன்றி இரண்டாமிடத்தில் நீக்கப்பட்டதோ? முன்னையதாயின் படியெடுத்தல் வேண்டும். பின்னையதாயின் அழித்தல் வேண்டும். இப்போதைய நிலையை மாத்திரம் நோக்கி இதற்கு விடை கூறல் எவர்க்கும் இயலாது. முன்னைய ஒத்திசைப்பின்போது இரண்டிடங்களும் எந்நிலையில் இருந்தன என்னும் குறிப்பைப் பேணியிருந்தாலன்றி விடை கிடையாது. எஸ். பாலசுப்பிரமணியம், பெஞ்சமின் பியேர்ஸ் என்னும் இருவர் 1998ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுரையில், மாற்றத்தைக் கண்டறிதல், கண்டவற்றை இணக்குதல் என இத்தொழிலை இருபடியாக வகுத்தனர். ஆர்-குளோனில் 2022இற் சேர்க்கப்பட்ட இருவழி முறையும் முன்னைய பட்டியலைப் பேணியே இயங்குகின்றது. கோப்புகளிற் பாதிக்கு மேல் ஒருங்கே மறைந்திருப்பின் எங்கோ தவறு நேர்ந்திருத்தல் கூடுமெனக் கருதி அது தானே நின்றுவிடும்.

இரண்டிடத்தும் ஒரே கோப்பு வெவ்வேறாகத் திருத்தப்பட்டிருப்பின் யாது செய்வது? இதனை முரண் என்பர். பிந்திய நேரமுடையதை ஏற்று மற்றையதை விடுதல் ஒரு வழி; அதனால் ஒருவரின் உழைப்பு சொல்லாமலே மறையும். இரண்டையும் வெவ்வேறு பெயரில் வைத்துத் தீர்ப்பை உரியவரிடம் விடுதல் மற்றொரு வழி. டிறொப்பொக்ஸ் கையாள்வது இதுவே. சுவடிப் பதிப்பிற் பயின்றோர்க்கு இஃது புதிதன்று. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இற் கலித்தொகையைப் பதிப்பித்த காலத்தில், ஏட்டுக்கு ஏடு வேறுபட்ட பாடங்களை ஒப்புநோக்கித் தெரிய வேண்டியிருந்தது. பிந்திய ஏடே திருந்திய ஏடு என்று கொள்ளுதற்கில்லை. எழுதினோர் பிழையும் பிந்திய ஏட்டிலேயே மிகுதியாக இருத்தல் கூடும். எது பிந்தியது என்பதைக் காலக்குறிப்பு சொல்லும். எது சரியானது என்பதைப் பொருளறிந்தவரே சொல்ல வல்லார்.

ஒத்திசைப்பு காப்பு ஆகாது

இவ்விடத்தே பலர் கொண்டுள்ள தவறான எண்ணமொன்றைத் தெளிவுபடுத்தல் அவசியம். மூன்று சேவைகளில் ஒத்திசைத்து வைத்துள்ளமையாற் கோப்புகள் மூன்று மடங்கு பாதுகாப்புடையன என எண்ணுதல் முற்றும் சரியன்று. ஒரு கட்டடம் எரிந்தால் மற்றையன எஞ்சும் என்பது உண்மையே. ஆனால் உரியவரே தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால் மென்பொருள் அந்த அழிவையும் மூன்றிடத்தும் பரப்பும். கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் தீநிரல் கணினியிற் புகுமாயின், பூட்டப்பட்ட கோப்புகளே புதியவை எனக் கொண்டு அவற்றையும் எங்கும் அனுப்பும். நேர்மையான எழுத்தன் பிழையையும் பிழையின்றிப் பெயர்த்தெழுதுவான், ஒத்திசைப்பும் அத்தகையது.

ஒருவழி ஒத்திசைப்பில் திசை மாறுதல் இதனினும் கேடானது. புதிய மடிக்கணினி வாங்கிய ஒருவர், அதிலுள்ள வெற்றுறையை மூலமாகவும் முகிலிலுள்ள நிறைந்த உறையைப் படியாகவும் தவறிக் குறித்தாற் போதும். மென்பொருள் சொன்னவாறே செய்து முகிலையும் வெறுமையாக்கும்.

இலங்கையிலேயே இதற்குத் தொடர்புடைய பாடமொன்று கிடைத்தது. 2023ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் இலங்கை அரச முகில் இத்தகைய தீநிரலின் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. வலையோடு இணைந்திருந்த காப்புப் படியும் தாக்குண்டது. வலையினின்றும் விலக்கிவைக்கப்பட்ட படி அக்காலப் பகுதிக்கு இருக்கவில்லை. ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சற் கணக்குகளில் மே 17 முதல் ஓகஸ்ற் 26 வரையிலான மடல்கள் இழக்கப்பட்டன. படி இருந்தது, ஆனால் மூலத்துக்கு நேர்ந்தது படிக்கும் நேரத்தக்க இடத்தில் இருந்தது.

சேவைகள் தாமும் ஓரளவு காப்பு அளிக்கின்றன. அழிக்கப்பட்ட கோப்பைக் கூகிள் டிறைவ், வன்டிறைவ் ஆகியவற்றின் கட்டணமற்ற கணக்குகளில் 30 நாளுக்குள் மீட்கலாம். விடுமுறைக்குமுன் அழிந்ததை விடுமுறை கழிந்து கண்டுகொள்வோர்க்கு அவ்வவகாசம் போதாது.

செய்யத்தக்கன

மேற்கூறியவற்றினின்றும் பெறப்படும் நடைமுறைகள் சில. முதலாவதாக, எதை மூலமாகக் கொள்வது என்பதை மென்பொருளைத் தொடுமுன்னரே முடிவுசெய்தல் வேண்டும். இயன்றவரை ஒருவழியே போதும். இருவழி, இருபுறத்தும் உண்மையாகவே தொழில்புரிவோர்க்கு உரியது. இரண்டாவதாக, தொடக்கத்திற் படியெடுக்கும் கட்டளையையே பயன்படுத்தல் நன்று; அது மேலதிகக் கோப்புகளை அழிப்பதில்லை. ஒத்திசைக்கும் கட்டளையைத் தருமுன் வெள்ளோட்டம் பார்த்தல் வேண்டும். ஆர்-குளோனில் அதற்குரிய தெரிவு உண்டு. எவை செல்லும், எவை அழியும் என்பதைச் சொல்லுமேயன்றி எதனையும் செய்யாது. மூன்றாவதாக, அழிக்கப்படுவனவும் மேலெழுதப்படுவனவும் தனி உறையொன்றிற் சென்று சேருமாறு பணித்தல் தகும். அதனால் ஒத்திசைப்பின் வசதியோடு பழைய படிகளும் எஞ்சும்.

நான்காவதாக, மந்தணமானவற்றை மறைகுறியாக்கி அனுப்பலாம். சேவை நடத்துவோரும் அவற்றைப் படித்தல் இயலாது. ஆனால் அதற்குரிய கடவுச்சொல்லை இழந்தவர்க்குத் தம் கோப்பே அயலாகிவிடும். மாணவர் புள்ளிப் பட்டியலைக் காக்கும் ஆசிரியர் அச்சொல்லை நம்பத்தக்க இரண்டிடங்களில் எழுதிவைத்தல் முறை. ஐந்தாவதாக, வலையோடு இணையாத படியொன்று வேண்டும். ஒளிப்படக் கலைஞரான பீற்றர் குறோக் வகுத்து வழக்கிற் கொண்டுவந்த 3-2-1 என்னும் விதி இதனைச் சுருங்கச் சொல்லும்: படிகள் மூன்று, அவை இருவகை ஊடகங்களில் இருத்தல், அவற்றுள் ஒன்று வேறோரிடத்தில் இருத்தல். இரண்டு முகில்களோடு, தவணைக்கு ஒருமுறை எழுதிப் பின் கழற்றி அலுமாரியிற் பூட்டிவைக்கும் வன்றட்டு ஒன்றையும் கொண்ட பாடசாலை இவ்விதியை நிறைவேற்றியதாகும். அத்தட்டிலுள்ள கோப்புகள் சிலவற்றை இடையிடையே திறந்து பார்த்தலும் வேண்டும்; திறந்து பார்க்கப்படாத படி, இருப்பதாக எண்ணப்படும் படி மாத்திரமே.

2005ஆம் ஆண்டில் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகத் திட்டம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மின்வடிவாக்கி உலகெங்கும் படிக்கச் செய்துள்ளது. கல்லூரி மலர்கள் பலவும் அங்கே இடம்பெற்றுள்ளன. அப்பணிக்கு முன்நிபந்தனை, படியெடுத்தற்கு ஒரு மூலமேனும் யாரோ ஒருவரின் வீட்டிற் பேணப்பட்டிருந்தமையாகும். இன்று எழுதப்படும் கோப்புகளுக்கும் அந்நிலையே பொருந்தும். பல முகில்களில் ஒரே நேரத்தில் எழுதும் ஆற்றல் முன்னைய எழுத்தாளர் எவர்க்கும் வாய்த்ததில்லை. அவ்வாற்றலை மென்பொருள் தருகின்றது. எதனைப் பேணுவது, எத்திசையிற் படியெடுப்பது, எப்படியைத் தனியே ஒதுக்கிவைப்பது என்னும் தீர்மானங்கள் அக்கோப்புகளுக்கு உரியவரின் பொறுப்பிலேயே உள்ளன.